கூரைச் சூட்டைக் குறைக்கலாம் வாங்க! பழவேற்காடு குப்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ராத்திரி 2 மணிக்கு வலையோடு கிளம்பும் ஒருவர், மீனைக் கரை சேர்த்து, விற்று, வீட்டுக்கு வந்து படுக்கும்போது மணி பகல் 11 ஆகிவிடும். ஊரே விழித்திருக்கும் அந்த நேரத்தில்தான் அவருக்குத் தூக்கம். தலைக்கு மேலே இருக்கும் தகரம் கொதிக்க ஆரம்பிப்பதும் அதே நேரத்தில்தான். தூக்கம் கெட்டால் அடுத்த நாள் கடலில் கவனம் கெடும். வீட்டிலேயே இருக்கும் தாத்தா பாட்டிக்கும், கர்ப்பிணிகளுக்கும், கைக்குழந்தைக்கும் அந்தச் சூடு நாள் முழுக்க விடாது.

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையிலும் சுற்றிலும் இருக்கும் குப்பங்களில் நான்கு விதமான கூரைகளைப் பார்க்கலாம்: ஓலை, தகரம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கான்கிரீட். லைட்ஹவுஸ் குப்பமோ கோரைக்குப்பமோ வைரவன்குப்பமோ, எந்த ஊராக இருந்தாலும் இந்த நான்கில் ஒன்றின் கீழேதான் குடும்பம் இருக்கிறது. நான்குக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. உங்க கூரைக்கு எது பொருந்தும், எதைச் செய்யவே கூடாது, அரசு உதவி எங்கே கிடைக்கும் என்பதைப் பார்ப்போம்.

கடலோரத்தில் வெயில் கம்மிதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். தெர்மாமீட்டரில் பார்த்தால், திருத்தணியைவிடப் பழவேற்காட்டில் பெரும்பாலான நாட்களில் டிகிரி குறைவுதான். ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை காய்வதால்தான். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை காயாது, வழியும். அதனால் குறைவான டிகிரியிலேயே உடம்பு திணறத் தொடங்கிவிடும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. சமவெளியில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிய பேச்சே வரும். கடலோர நிலையங்களுக்கு அந்த வரம்பு 37 டிகிரி. அதோடு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று கரையேறத் தாமதமாகும். அன்றைக்குத்தான் குப்பங்களில் புழுக்கம் தாங்க முடியாமல் போகிறது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்பதும் அந்த அறிவிப்பில் உண்டு. புயல், வெள்ளம் போலவே வெயிலுக்கும் முன்கூட்டியே தயாராக வேண்டும் என்பதுதான் இதன் பொருள். அந்தத் தயாரிப்பைக் கூரையிலிருந்து தொடங்கலாம்.

ஐஸ் பெட்டி சொல்லித் தரும் பாடம்

சூட்டைத் தடுப்பது எப்படி என்று மீனவக் குடும்பங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐஸ் பெட்டியை நீங்க எப்படிப் பயன்படுத்துறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

பெட்டியை வெயிலில் வைக்க மாட்டீங்க, நிழலில் வைப்பீங்க. கறுப்புப் பெட்டி வாங்க மாட்டீங்க, வெளிர் நிறத்தில்தான் வாங்குவீங்க. சுவர் மெல்லிசா இருந்தா ஐஸ் நிக்காது என்பதும் தெரியும். அதனால்தான் உள்ளே தெர்மோகோலோ ஃபோமோ வைத்த தடித்த சுவர்.

கூரைக்கும் இதே மூன்றுதான்: நிழல், வெளுப்பு, தடுப்பு. வீட்டுக்கு நான்காவதாக ஒன்று உண்டு, காற்றோட்டம். ஐஸ் பெட்டியை மூடி வைக்கலாம். மனுஷங்க இருக்கிற வீட்டை அப்படி மூட முடியாது. உள்ளே சேரும் சூடும் ஈரமும் வெளியேற வழி வேண்டும்.

சூடு எப்படி உள்ளே வருது?

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் கூரையில் விழும் சூரிய ஆற்றல் ஏறக்குறைய 1,000 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். 300 சதுர அடி வீடு என்றால் சுமார் 28 சதுர மீட்டர். அதாவது, 28 இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் கூரைமேல் சூடாக வைத்த மாதிரி.

இதில் எவ்வளவு உள்ளே வரும் என்பதைக் கூரையின் நிறம்தான் முதலில் முடிவு செய்கிறது. துருப்பிடித்த தகரமும் பாசி படிந்து கறுத்த கான்கிரீட்டும் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு 70 முதல் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும்.

உறிஞ்சிய சூட்டைக் கூரை கீழ்நோக்கி வீசுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் காற்று படாமலேயே முகத்தில் சூடு அடிக்கிறதல்லவா, அதே கதைதான். இதனால்தான் தகரக் கூரையின் கீழே ஃபேன் ஓடினாலும் அனல் குறைந்த மாதிரி தெரிவதில்லை. ஃபேன் காற்றைத்தான் நகர்த்தும்; கூரை வீசும் அனலை அதனால் தடுக்க முடியாது.

தகரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. தகரம் மெல்லியது. வெயில் ஏற ஏற உடனே கொதிக்கும். பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட் மெதுவாகச் சூடேறும். மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை அந்தச் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். பகலில் தூங்குபவருக்குத் தகரம் எதிரி, இரவில் தூங்குபவருக்குக் கான்கிரீட் எதிரி. உங்க வீட்டில் யார், எந்த நேரத்தில், எந்த அறையில் படுக்கிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்துக்கு மேலே இருக்கும் கூரையை முதலில் கவனிங்க.

உங்க கூரை எந்த வகை?

1. ஓலைக் கூரை

நான்கில் இயல்பாகவே குளுமையானது இதுதான். கீற்றுகளுக்கு இடையே அடைபட்டிருக்கும் காற்றுதான் தடுப்பு. ஆனால் தீ, மழை, புயல் மூன்றுக்கும் இது பலவீனம். அடிக்கடி மாற்ற வேண்டிய செலவும் உண்டு. பழைய வலையை விரித்துக் கூரையை இழுத்துக் கட்டும் கடற்கரை வழக்கம் காற்றுக்கு நல்லதுதான். மாற்றும் எண்ணம் இருந்தால், தகரத்துக்குத் தாவுவதற்கு முன் கீழே சொல்லியிருக்கும் அரசு வீட்டுத் திட்டங்களைக் கேட்டுப் பாருங்க. வசதி கருதி ஓலையை எடுத்துவிட்டு வெறும் தகரத்தைப் போட்டால் வீடு முன்பைவிடச் சூடாகிவிடும்.

2. தகரக் கூரை

முதல் வேலை மேலே. பழைய தகரத்தில் உப்பும் துருவும் படிந்திருக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, துருவைத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்பு பிரைமர் அடித்து, அதன்மேல் வெள்ளைக் குளிர்கூரைப் பெயின்ட் இரண்டு கோட்டு அடிக்க வேண்டும். உப்பைக் கழுவாமல் அடித்த பெயின்ட் சீக்கிரமே உரியும். டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். கறுப்புக்கு 0, நல்ல வெள்ளைக்கு 100 என்று வைத்து அளக்கும் அளவு அது. எண் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது.

தகரத்தில் சுண்ணாம்பு அடிக்காதீங்க. ஈரச் சுண்ணாம்பின் காரம் தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரிக்கும், பிடித்தும் நிற்காது.

இரண்டாவது வேலை கீழே. தகரத்துக்கும் தலைக்கும் நடுவே ஒரு பொய்க்கூரை கட்டலாம். மூங்கில் தட்டியோ ஜிப்சம் பலகையோ போதும். தகரத்தோடு ஒட்டாமல், குறைந்தது ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்க. அந்த இடைவெளியின் இரு முனையிலும் காற்று போக வழி இருக்க வேண்டும். கடற்காற்று ஒரு பக்கம் நுழைந்து, சூட்டை மறு பக்கம் தள்ளிவிடும்.

அலுமினியத் தாள் ஒட்டிய பபுள் ஷீட்டும் கடைகளில் கிடைக்கிறது. பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்றிடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். தகரத்தோடு ஒட்டிவிட்டு, கீழேயும் பலகையால் அழுத்தி மூடிவிட்டால் காசு வீண். பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி இருந்தால் தூசும் உப்பும் படிவது குறையும்.

3. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்

இங்கே எச்சரிக்கைதான் முதலில். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடையாமல் கூரையில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. சுரண்டும்போதும், துளை போடும்போதும், அறுக்கும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். அதனால் இரும்பு பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. பாசியைத் தண்ணீரில் நனைத்து, மெல்லிய துணியாலோ பஞ்சாலோ எடுத்துவிட்டு வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். பூச்சு, இழைகள் உதிர்வதையும் ஓரளவு தடுக்கும். பொய்க்கூரை கட்டுவதாக இருந்தால் ஷீட்டில் துளை போடாமல், கீழே இருக்கும் சட்டத்தில் மட்டும் கட்டுங்க. உடைந்த துண்டுகளைப் பொடித்து வாசலில் நிரவுவது, அடுப்படிக்குப் பயன்படுத்துவது கூடவே கூடாது.

4. கான்கிரீட் கூரை

இந்தக் கூரைக்குச் செலவு குறைந்த வழி உண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்பு இந்தக் கரைக்குப் புதிதல்ல. நன்றாகத் தாளித்து வடிகட்டிய சுண்ணாம்பில் கொஞ்சம் பசை சேர்த்து இரண்டு மூன்று கோட்டு அடித்தாலே மாடியின் சூடு வெகுவாகக் குறையும். ஆனால் மழையில் கரையும். ஒவ்வொரு ஆண்டும் திரும்ப அடிக்க வேண்டும். குளிர்கூரைப் பெயின்ட் அதைவிட அதிக நாள் தாங்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் வேலை செய்யாதீங்க.

நம் ஊர்களில் பழகிய முறை, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதிப்பது. சூட்டுக்கும் நீர்க்கசிவுக்கும் நல்லது. ஆனால் எடை அதிகம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு இப்போது ஏறக்குறைய இருபது வயது ஆகிறது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்திருந்தால், பொறியாளரிடம் காட்டாமல் கூடுதல் எடை ஏற்றக் கூடாது. முதலில் கசிவை அடைங்க, பிறகு வெள்ளை அடிங்க.

கான்கிரீட் மாடிக்கு இன்னொரு குடையும் உண்டு: சூரிய மின் தகடு. மின்சாரம் தருவதோடு கூரைக்கு நிழலும் தருகிறது. பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். தேசிய இணையதளத்தில் உங்க மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யலாம். கடலோரம் என்பதால் துருப்பிடிக்காத சட்டமும், புயல் காற்றைத் தாங்கும் பிடிப்பும் வேண்டும் என்று நிறுவுபவரிடம் முன்பே கேட்டு வாங்குங்க.

வலைக் கொட்டகை, கருவாட்டுக் கொட்டகை

வீட்டுக்குத் தேவை சூட்டைத் தடுப்பது. கொட்டகைக்கு மார்கழி, தை மாதங்களில் வேறொரு தொல்லை வரும். தெளிந்த வானம் இருக்கும் இரவில் தகரம் வெளிக்காற்றைவிடவே குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரக் காற்று அதில் பட்டதும் நீர்த்துளியாகிச் சொட்டும். விடிந்து பார்த்தால் கருவாட்டு மூட்டையும் வலையும் நனைந்திருக்கும். "மழையே இல்ல, கூரை எப்படி ஒழுகுது?" என்று ஓட்டையைத் தேடுவார்கள். ஓட்டை இருக்காது.

கொட்டகையின் ஒரு மூலையில் அடுப்பு எரிந்தாலோ, கோழிக்குஞ்சுக்குச் சூடு கொடுக்க பல்பு போட்டிருந்தாலோ இந்தச் சொட்டு இன்னும் அதிகமாகும். சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கி மேலே போகும். குளிர்ந்த தகரத்தில் மோதி அங்கேயே இறக்கிவிடும்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, தகரத்தின் அடியில் தடுப்பு. ஈரக் காற்று நேராகத் தகரத்தைத் தொடக் கூடாது என்பதால், தடுப்பின் கீழ்ப்பக்கம் ஈரம் புகாத தாளாக இருக்க வேண்டும். இணைப்புகளை டேப் போட்டு ஒட்ட வேண்டும். இரண்டு, முகட்டுக்குக் கீழே இரு பக்கமும் ஈரம் வெளியேறத் திறப்பு. மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்குவதும் உதவும்.

இதையெல்லாம் செய்யாதீங்க

திறந்த தெர்மோகோல் வேண்டாம். ஒரு அங்குலத் தெர்மோகோல் சூட்டைத் தடுப்பதில் மூன்றடிக் கான்கிரீட்டுக்குச் சமம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது தீயில் உருகி எரியும், கரும்புகை விடும். அடுப்பெரியும் அறையில் அதை வெறுமனே தொங்கவிடுவது ஆபத்து. ஜிப்சம் பலகை மாதிரி எரியாத ஒன்றால் முழுக்க மூட முடியும் என்றால் மட்டும் பயன்படுத்துங்க. பனை ஓலைப் பாய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சமையல் அறையில் அது வேண்டாம்.

ஷீட்மேல் நேராக ஏறாதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் எடையைத் தாங்காமல் சட்டென்று உடையும். சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல்தான் நிற்க வேண்டும். கீழே ஒருவர் துணைக்கு இருக்கணும்.

காற்றை மறக்காதீங்க. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது வட சென்னைக் கரைகள் என்ன பாடுபட்டன என்பது நினைவிருக்கும். கூரைமேல் பச்சை நிழல்வலையோ கீற்றோ பரப்பினால், அதைத் தனியாக இழுத்துக் கட்டுங்க; அக்டோபருக்கு முன் கழற்றி வைத்துவிடுங்க. ஷீட்டின் ஜே போல்ட், வாஷர் துருப்பிடித்திருந்தால் பெயின்ட் அடிக்கும் அதே நாளில் மாற்றிவிடலாம்.

சாக்கை நனைத்துக் கூரையில் போடுவது நம் பக்கத்துக்குச் சரிவராது. நல்ல தண்ணீர் வீணாகும், ஈரக் காற்றில் பலன் குறைவு, தகரமும் துருப்பிடிக்கும்.

பலன் எவ்வளவு? நீங்களே அளந்து பாருங்க

வெள்ளைப் பூச்சால் கூரையின் மேற்பரப்புச் சூடு பெரிய அளவில் குறையும். அறைக்குள் காற்றின் வெப்பநிலை பொதுவாக 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். குஜராத்தின் அகமதாபாத் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்து, பின்னர் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையே கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் அரசுப் பள்ளிக் கட்டடங்களில் இந்தப் பூச்சு தொடங்கியிருக்கிறது.

உங்க வீட்டுக் கணக்கை நீங்களே எடுக்கலாம். சுவரில் மாட்டும் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்று போதும். போனில் காட்டும் "வெப்பநிலை" அறையின் வெப்பநிலை அல்ல. அது பேட்டரியின் சூடு, இல்லையென்றால் வானிலை நிலையத்தின் அளவு. வேலைக்கு முன் மூன்று நாள், பின் மூன்று நாள், பகல் 2 மணிக்கும் இரவு 9 மணிக்கும் தெர்மாமீட்டரைப் படம் எடுத்து வையுங்க. பக்கத்து வீட்டுக்காரர் "நிஜமாவே குறையுதா?" என்று கேட்டால், படத்தைக் காட்டினால் போதும்.

அரசு உதவி எங்கே கேட்பது?

கலைஞரின் கனவு இல்லம்: 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024இல் அறிவிக்கப்பட்ட திட்டம். ஊரகப் பகுதியில் குடிசையில் வசிக்கும் தகுதியான குடும்பங்களுக்குக் கான்கிரீட் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய். ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்க. கிராம சபையில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்க. வீடு கட்டி முடிக்கும்போதே மேல்தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டால் செலவு குறைவு.

பழைய அரசு வீடுகள்: 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டி, இப்போது பழுதான ஊரக வீடுகளைச் சீரமைக்கவும் திட்டம் உண்டு. மீஞ்சூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்க. எந்த ஆண்டில், எந்தத் திட்டத்தில் வீடு கிடைத்தது என்பதற்கான தாள் இருந்தால் எடுத்துச் செல்லுங்க.

குறை சொல்ல: முதல்வரின் முகவரி உதவி எண் 1100. மனு எண்ணைக் கேட்டு வாங்கிப் போனில் சேமித்து வையுங்க. நிலையைப் பின்னர் பார்க்கலாம்.

எச்சரிக்கை பெற: டிஎன் அலெர்ட் செயலியையும், வானிலை ஆய்வுத் துறையின் மௌசம் செயலியையும் பதிவிறக்குங்க. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

எப்போது தொடங்கலாம்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பொங்கல் முடிந்ததிலிருந்து மாசி வரை கூரை வேலைக்கு ஏற்ற காலம். கூரை காய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. பங்குனிக்குள் முடித்துவிட்டால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் அந்த உச்சக் கோடையில் வீடு தயாராக இருக்கும்.

பணம் ஒரே நேரத்தில் புரளவில்லை என்றால் வரிசையாகச் செய்யுங்க. முதல் ஆண்டு, போல்ட்டுகளைச் சரிபார்த்து, படுக்கும் இடத்துக்கு மேலே மட்டும் வெள்ளைப் பூச்சு. அடுத்த ஆண்டு, மீதிக் கூரை. அதற்கடுத்து, பொய்க்கூரை. நாலைந்து வீடுகள் சேர்ந்து பெயின்ட்டை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், ஏணியும் ஆளும் ஒரே நாளில் கிடைக்கும். மகளிர் சுய உதவிக் குழு இருக்கும் தெருவில் இது இன்னும் சுலபம்.

கூரை வேலை முடியும்வரை உச்சி வெயில் நேரத்தில் முதியவர்களையும் குழந்தைகளையும் தகரத்தின் கீழே விடாதீங்க. மரத்தடியோ ஊர்ப் பொதுக் கட்டடமோ பரவாயில்லை. யாருக்காவது தலைசுற்றல், குழப்பமான பேச்சு, கொதிக்கும் உடம்பு, மயக்கம் என்று தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பைத் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே 108க்குக் கூப்பிடுங்க. மயக்கத்தில் இருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.